சிகாகோவின் குறுந்தொகை வாத்தியார்

1962இல் சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு தமிழாசிரியரை வேலைக்கு எடுத்தது. ஆள் மைசூர்க்காரர். எம்.ஏ. படித்தது ஆங்கில இலக்கியம். முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்த ஆய்வேடோ கன்னட இலக்கணம் பற்றியது. வீட்டில் அம்மாவோடு பேசிய தமிழ் நாக்கில் இருந்தது. சங்கத் தமிழை யாரிடமும் பாடம் கேட்டதில்லை. அந்த முப்பத்துமூன்று வயது ஆசிரியர்தான் ஐந்து வருடம் கழித்து, தமிழே தெரியாத ஆங்கில வாசகர்கள் குறுந்தொகையைக் கவிதையாகவே படிக்கும்படி செய்தவர். பெயர் அத்திப்பட்டு கிருஷ்ணசுவாமி ராமானுஜன். எழுத்துலகத்துக்கு ஏ.கே. ராமானுஜன். கணித மேதை ராமானுஜனோடு இவரைக் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. இவர் வீட்டில் கணக்குப் பேராசிரியர் அப்பாதான்.

குறுந்தொகை கையில் கிடைத்த கதையை அவரே எழுதிவைத்திருக்கிறார். சிகாகோவுக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்துக்குப் போகிறார். தேடிப் போனது பழந்தமிழ் கற்பவர்களுக்கான ஓர் ஆரம்ப இலக்கண நூலை. கையில் சிக்கியது உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. அலமாரிகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்து புரட்ட ஆரம்பித்துவிட்டார். உரைநடையில் இருந்த உரை அவருக்கே ஆச்சரியமாகத் தெளிவாகப் புரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குள் இறங்கினார்.

இந்தக் கதையில் ராமானுஜனுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு சாமிநாதையருக்கும் உண்டு. அந்தப் பதிப்பைக் கொண்டுவந்தபோது ஐயருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை, ஒப்புமைப் பகுதி என்று, ஆசிரியர் பக்கத்தில் இல்லாமலே ஒருவர் படித்துத் தேறும்படி கட்டிய பதிப்பு அது. ஐயர் மறைந்து இருபது வருடத்துக்குப் பிறகு, கடல் கடந்த ஊரில், அது ஒரு மாணவனைச் சேர்த்துக்கொண்டது.

மாடியில் ஒன்று, அடுக்களையில் ஒன்று

ராமானுஜன் பிறந்தது 1929 மார்ச் 16, மைசூரில். ஐயங்கார் குடும்பம். அப்பா மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர், வானியலும் தெரிந்தவர். மாடியில் அப்பாவின் அறை. அங்கே ஆங்கிலமும் சமஸ்கிருதமும். கீழே அடுக்களையில் அம்மாவின் தமிழ். வாசற்படி தாண்டித் தெருவில் இறங்கினால் கன்னடம். குழந்தைகள் நாள் முழுக்க இந்த மொழிகளுக்கிடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் சாதம் பிசைந்து உருட்டிக் கொடுக்கும் பெண்கள், அடுத்த கவளத்துக்கு வாய் திறக்க வைப்பதற்காகவே கதை சொன்னார்கள். பின்னாளில் நாட்டார் கதைகளின் பேரறிஞர் என்று பெயரெடுத்தவருக்குக் கதை முதலில் வந்தது சோற்றோடுதான்.

அப்பாவைப் பற்றி அவர் எழுதியிருப்பது தனியாகப் படிக்க வேண்டிய பகுதி. பஞ்சகச்ச வேட்டி, மேலே ஆங்கிலேயக் கோட்டு, தலையில் தலைப்பாகை. வெளிநாட்டுக் கணித அறிஞர்களும் வீட்டுக்கு வருவார்கள். உள்ளூர் ஜோசியர்களும் வருவார்கள். பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைப் படித்துப் பகுத்தறிவின் சூடு ஏறியிருந்த பையனுக்கு, ஒரே மண்டைக்குள் வானியலும் ஜோசியமும் எப்படிக் குடியிருக்கின்றன என்பது பெரிய குடைச்சல். புதிதாகக் கண்டுபிடித்த நெப்டியூனையும் புளூட்டோவையும் உங்கள் ஜாதகக் கட்டம் என்ன செய்யும் என்று மடக்கப் பார்த்தான். தேவையான திருத்தத்தைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று அப்பா முடித்துவிட்டார். இன்னொரு தடவை, மூளைக்கு இரண்டு பாகம் இருப்பது தெரியாதா என்று கேட்டார். மகனுக்கு அப்போது இது ஏமாற்றமாக இருந்தது. நாற்பது வருடம் கழித்து, இந்தியர்களுக்கென்று ஒரு சிந்தனை முறை உண்டா என்று கேட்டு அவர் எழுதிய, இன்றும் பல்கலைக்கழகங்களில் விவாதிக்கப்படும் கட்டுரை, இந்த அப்பாவிடமிருந்துதான் தொடங்குகிறது.

கல்லூரியில் முதலில் அறிவியல் எடுத்தவரை ஆங்கில இலக்கியத்துக்கு மாற்றியதும் அதே அப்பாதான். கணக்கு வாத்தியார் தன் பிள்ளையை இலக்கியத்துக்கு அனுப்புவது அன்றைக்கும் இன்றைக்கும் அபூர்வம்.

படிப்பு முடிந்ததும் ஊர் ஊராக ஆங்கில விரிவுரையாளர் வேலை. கொல்லம், மதுரை, பெல்காம், பரோடா என்று ஏறக்குறைய எட்டு வருடம். பெல்காமில் இருந்த காலத்தில் நாட்டார் கதைகளையும் பழமொழிகளையும் சேர்க்க ஆரம்பித்தார். அவருடைய முதல் நூலே கன்னடப் பழமொழிகள் பற்றியது, 1955இல் வந்தது. அதன்பின் புனே டெக்கான் கல்லூரியில் மொழியியல். 1959இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைத்துக் கப்பலேறியவர் இண்டியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1963இல் முனைவர் பட்டம் வாங்கும்போது சிகாகோவில் ஆசிரியராகியிருந்தார். கடைசி வரை அங்கேயே இருந்தார்.

மதுரையில் இருந்தது குறைந்த காலம்தான். ஆனால் அது கவிதையில் தங்கிவிட்டது. 1966இல் வெளிவந்த அவருடைய முதல் ஆங்கிலத் தொகுப்பான ‘தி ஸ்டிரைடர்ஸ்’இல் வைகையைப் பற்றி ஒரு கவிதை உண்டு. இந்திய ஆங்கிலக் கவிதை படிக்கும் கல்லூரி மாணவர்கள் பலருக்கும் பழக்கமான கவிதை. கோடையில் வைகை எப்படி நூலாக வற்றிப்போகும், மதகில் என்னென்ன சிக்கிக் கிடக்கும் என்று அவர் கிட்டப் போய்ப் பார்க்கிறார். புலவர்களோ வெள்ளம் வரும்போது மட்டும் பாட வருகிறார்கள். அந்த வெள்ளம் ஒரு நிறைசூலியை அடித்துக்கொண்டு போனதைப் பழைய புலவரும் பாடவில்லை, அவரைப் பார்த்து எழுதும் புதுப் புலவரும் பாடவில்லை. பரிபாடலின் வையைப் பாட்டுகளை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால், குத்து எங்கே விழுகிறது என்று புரியும். சங்கக் கவிதையை உலகத்துக்குக் கொண்டுபோனவர் என்று மேடைதோறும் பாராட்டப்படும் மனிதர், அந்தக் கவிமரபை இப்படிச் சீண்டவும் செய்தார். பாராட்டுரைகளில் இந்தப் பாதி விட்டுப்போகிறது.

கூற்றைத் தலைப்பாக்கியவர்

நூலகத்தில் கண்டெடுத்த குறுந்தொகையிலிருந்து பதினைந்து பாட்டுகள் 1965இல் கல்கத்தாவின் ரைட்டர்ஸ் வொர்க்‌ஷாப் வெளியீடாகச் சிறு நூலாக வந்தன. 1967இல் ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ வந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட பாட்டுகள், பின்னால் ஒரு நீண்ட கட்டுரை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற பாகுபாடு நமக்குப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதி. பத்து மதிப்பெண் கேள்வி. நிலமும் பொழுதும் பூவும் பறவையும் சேர்ந்து ஒரு மனநிலையின் அகராதியாகச் செயல்படும் விந்தையை அந்தக் கட்டுரை ஆங்கில வாசகருக்கு விளக்கியது. அதைப் படித்துவிட்டு மறுபடி குறுந்தொகையை எடுத்த தமிழ் வாசகர்களும் உண்டு.

அவர் மொழிபெயர்த்த விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ‘மழையில் நனைந்துகொண்டு வாசலில் நின்ற பையனின் அம்மா’ என்று நாம் சொல்கிறோம். மழை முதலில் வருகிறது, அம்மா கடைசியில் வருகிறாள். ஆங்கிலத்தில் சொன்னால் அம்மா முதலில் வந்துவிடுவாள், மழை கடைசிக்குப் போய்விடும். சங்கப் பாட்டில் இந்த வரிசைதான் உயிர். அடைமொழிமேல் அடைமொழியாக ஒரு மலையைக் காட்டி, அருவியைக் காட்டி, அங்கே ஒரு குரங்கைக் காட்டி, கடைசியில்தான் ‘அந்த நாட்டுக்காரன்’ என்று தலைவனிடம் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் வாக்கியம் தலைகீழாகிவிடும். மொழியியல் படித்த ராமானுஜனுக்குச் சிக்கல் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தது. கவிஞர் ராமானுஜன் அதற்கு ஒரு வழி கண்டார். வரியை உடைத்தார், படிப்படியாக உள்ளே தள்ளி அடுக்கினார். சொல் வரிசை மாறினாலும் காட்சி கண்ணில் படும் வரிசையைக் கூடியவரை காப்பாற்றினார்.

தலைப்பு விஷயத்தில் இன்னொரு தந்திரம். பாட்டுக்குக் கீழே ‘தலைவி தோழிக்குச் சொல்லியது’ என்று இருக்கும் கூற்றுக் குறிப்பை நாம் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவோம். அவர் அதைத் தூக்கி மேலே வைத்துத் தலைப்பாக்கினார். ‘அவள் சொன்னது’ என்ற தலைப்பு, கீழே ‘தோழிக்கு’ என்று ஒரு வரி. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரிந்தவுடன் பாட்டு ஒரு குட்டி நாடகமாகிவிடுகிறது. இரண்டாயிரம் வருடப் பழைய செய்யுள் நேற்று எழுதியதுபோல் வாசகருக்குக் கேட்டதில் இந்தத் தலைப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இழப்பும் உண்டு. ஓசை போய்விட்டது. அகவலின் நடை அவருடைய ஆங்கிலத்தில் இல்லை; இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிதையின் மெல்லிய, சிக்கனமான நடைதான் இருக்கிறது. இது அவருக்குத் தெரியாததல்ல. தமிழின் ஆறு மூக்கொலிகளை வைத்துக் கபிலர் செய்யும் வித்தையை, மூன்றே மூக்கொலி கொண்ட ஆங்கிலத்தில் எப்படிச் செய்வது என்று அவரே ஒரு கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். அந்தக் கட்டுரையை ஒரு சீனப் பேரரசர் கதையோடு முடிக்கிறார். மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட ஆணையிடுகிறார் அரசர். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் தோண்டி நடுவில் சந்திக்கலாம் என்கிறார்கள் பொறியாளர்கள். சந்திக்காவிட்டால்? ஒன்றுக்கு இரண்டு சுரங்கம் கிடைக்கும் என்று பதில் வருகிறது.

குறுந்தொகைக்குப் பிறகு வேகம் எடுத்தது. 1973இல் பசவண்ணர், தாசிமய்யர், அக்கமகாதேவி, அல்லமப்பிரபு ஆகியோரின் ‘வசனங்கள்’ என்னும் கன்னடப் பக்திக் கவிதைகள் பெங்குவின் வெளியீடாக ‘ஸ்பீக்கிங் ஆஃப் சிவா’ என்ற பெயரில் வந்தன. 1976இல் யு.ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’ நாவல். 1981இல் நம்மாழ்வார். 1985இல் எட்டுத்தொகையிலிருந்தும் பத்துப்பாட்டிலிருந்தும் தேர்ந்தெடுத்த அகமும் புறமும். வைணவ வீட்டுப் பிள்ளை வீரசைவ வசனங்களை முதலில் தொட்டுவிட்டு, எட்டு வருடம் கழித்துத்தான் வீட்டு ஆழ்வாரிடம் வருகிறார் என்பது கவனிக்கத்தக்கது.

எல்லோரும் கைதட்டிவிடவில்லை. தேஜஸ்வினி நிரஞ்சனா 1992இல் எழுதிய நூலில், ராமானுஜன் அல்லமரின் வசனத்தை மேற்கத்திய நவீனத்துவத்துக்கும் கிறிஸ்தவ பக்திக்கும் ஏற்றபடி வழவழப்பாக்கிவிட்டார் என்று கடுமையாக விமர்சித்தார். இந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. வசனங்களின் சாதி எதிர்ப்புச் சூடு அவருடைய ஆங்கிலத்தில் சற்றுத் தணிந்துதான் கேட்கிறது. ஆனால் அவருடைய மொழிபெயர்ப்பு பரவியிருக்காவிட்டால் இவ்வளவு பெரிய விவாதத்துக்கே இடம் இருந்திருக்காது.

உப்புப் பொட்டலத்தில் இரங்கல் செய்தி

பேராசிரியர் வேலை கவிஞனைத் தின்றுவிடும் என்று சொல்வதுண்டு. விடைத்தாள், துறைக்கூட்டம், பரிந்துரைக் கடிதம் என்று நாள் போய்விடும். ராமானுஜனுக்கும் அதெல்லாம் இருந்தது. தென்னாசிய மொழிகள் துறையிலும் மொழியியல் துறையிலும் பாடம் நடத்தினார். தென்னாசிய ஆய்வு சிகாகோவில் காலூன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு. ஆனால் வகுப்புக்காகப் படித்தது அவர் கவிதைக்குள் போனது, கவிதைக்காகக் கற்ற சிக்கனம் ஆய்வுக் கட்டுரைக்குள் வந்தது. அவருடைய கட்டுரைகளில் அடிக்குறிப்பு மட்டும் தின்று வளர்ந்த சோகை கிடையாது. கதை சொல்லித்தான் ஆரம்பிப்பார்.

ஆங்கிலக் கவிதையில் அவர் திரும்பத் திரும்பப் போன இடம் குடும்பம். அப்பா இறந்ததைப் பற்றிய கவிதையில் அழுகையே இல்லை. அப்பா விட்டுப்போனது மேசை நிறையத் தூசி படிந்த காகிதங்கள், கடன், கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்கள். மதராஸ் செய்தித்தாள் ஒன்றில் இரண்டு வரி இரங்கல் செய்தி வந்ததாகக் கேள்வி. அந்தத் தாள் எடைக்குப் போய், மளிகைக்கடைக்கு வந்து, பொட்டலமாகியிருக்கும். மகன் உப்போ கொத்தமல்லியோ வெல்லமோ வாங்கும்போதெல்லாம் பொட்டலத்தைப் பிரித்துத் தேடிப் பார்க்கிறான். மளிகைக்கடைப் பொட்டலத்தைப் பிரித்துப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தக் கவிதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அம்மாவும் வருகிறாள். முதல் மழைக்குப் பிறகு பூக்கும் செண்பகத்தின் வாசனை அவளுக்கு ஒற்றைத் தலைவலியைக் கொண்டுவரும். மரத்தை வெட்டிவிடலாம் என்று பிள்ளை கோபத்தோடு கிளம்பினால், அவள் விடமாட்டாள். மனைவி மாலி டேனியல்ஸ் கேரளச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், அவரும் எழுத்தாளர். பகிர்ந்துகொள்ளாத பால்யம்தான் கணவன் மனைவியைப் பிரித்து வைக்கிறது என்பதைப் பொருளாக வைத்து ராமானுஜன் ஒரு காதல் கவிதை எழுதியிருக்கிறார். முருகனைப் பற்றி எழுதிய பிரார்த்தனைக் கவிதையில் திருமுருகாற்றுப்படையின் சாயலும் உண்டு, கிண்டலும் உண்டு. பக்தர்கள் முகம் சுளிக்கலாம். ஆறு முகங்களுக்கும் என்ன வேலை என்று கேட்கும் உரிமை தமிழ்க் கவிஞர்களுக்குப் பழக்கமானதுதான்.

கன்னடத்தில் அவர் வேறு ஆள். 1969இல் தார்வாட் மனோகர கிரந்தமாலா வெளியிட்ட ‘ஹொக்குளல்லி ஹூவில்ல’ தொகுப்பு கன்னட நவ்ய (நவீனத்துவ) கவிதையில் குறிப்பிடத்தக்கது. பின்னர் இன்னும் இரண்டு தொகுப்புகள், ஒரு குறுநாவல். தமிழில் மட்டும் அவர் நூல் எதுவும் எழுதவில்லை. அடுக்களைத் தமிழில் கதை கேட்டார், பழந்தமிழில் பாட்டுப் படித்தார். இரண்டுக்கும் நடுவே நாம் எழுதும் இந்தத் தமிழ் அவருக்கு எழுத்துமொழியாக அமையவில்லை. அவரைத் தமிழர் என்று சொந்தம் கொண்டாடுபவர்களும், கன்னடர்தான் என்று விட்டுவிடுபவர்களும் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சுவரிடம் சொன்ன கதை

நாட்டார் கதைகளில் அவருக்குப் பிடித்தவை பெரும்பாலும் பெண்கள் பெண்களுக்குச் சொன்னவை. தமிழ்நாட்டுக் கதை ஒன்றை அவர் அடிக்கடி எடுத்தாள்வார். ஒரு விதவைத் தாய். மகன்களும் மருமகள்களும் படுத்தும் பாட்டை யாரிடமும் சொல்ல முடியாமல் உள்ளேயே வைத்துப் புழுங்குகிறாள். உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. அதற்கும் கேலி. ஒருநாள் ஊர்க்கோடியில் கூரை போன ஒரு பாழ் வீட்டுக்குள் நுழைகிறாள். ஒரு சுவரைப் பார்த்து மூத்த மகன் செய்ததைச் சொல்கிறாள். சுவர் இடிந்து விழுகிறது, அவள் உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. இப்படியே நான்கு சுவர்களுக்கும் நான்கு பேரைப் பற்றிச் சொல்லி முடித்து, லேசான உடம்போடு வீடு திரும்புகிறாள். கதையைச் சொல்லாமல் வைத்திருந்தால் அது ஆளைப் பழிவாங்கும் என்ற நம்பிக்கையை அவர் பல இந்தியக் கதைகளில் கண்டு எழுதினார்.

அவர் சொன்ன கதைகள் பல இடங்களில் முளைத்தன. அவரிடம் கேட்ட இரண்டு கன்னட வாய்மொழிக் கதைகளிலிருந்துதான் கிரீஷ் கர்னாட் ‘நாகமண்டலா’ நாடகத்தை எழுதினார். மரமாக மாறிப் பூக்கும் பெண்ணின் கதையை அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ் ஓபராவாக்கி, 2006இல் வியன்னாவில் அரங்கேற்றினார். கன்னடக் கிராமத்துப் பெண்கள் சொன்ன கதையை வெனிசுலாவின் குழுப் பாடகர்கள் ஸ்பானிஷில் பாடினார்கள்.

பட்டங்களும் வந்தன. 1976இல் பத்மஸ்ரீ. 1983இல் மக்ஆர்தர் ஃபெலோஷிப். 1993 ஜூலை 13 அன்று சிகாகோவில், அறுவை சிகிச்சைக்கு ஆயத்தம் நடந்தபோது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் இறந்தார். வயது 64. கவிதைகளின் முழுத் தொகுப்பு 1995இல் வந்தது. அதற்கு 1999இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. நாட்குறிப்புகளை அவருடைய மகன் கிருஷ்ணாவும் ஸ்பானிய ஆய்வாளர் கில்லெர்மோ ரோட்ரிகெஸும் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள்.

அவர் பெயர் முதல் பக்கச் செய்தியானது இறந்து பல வருடத்துக்குப் பிறகுதான். ‘முந்நூறு ராமாயணங்கள்’ என்று ஒரு கட்டுரை. 1987இல் ஒரு கருத்தரங்குக்காக எழுதி, 1991இல் பாலா ரிச்மன் தொகுத்த நூலில் வெளியானது. வால்மீகி, கம்பன், சமண ராமாயணம், தாய்லாந்தின் ராமகியன், கன்னட நாட்டார் பாடல் என ஐந்தை எடுத்துக்கொண்டு, இவை ஒரே மூலத்தின் பிழையான நகல்கள் அல்ல, தனித்தனிக் கூறல்கள் என்று வாதிடும் கட்டுரை. வால்மீகியின் அகலிகை காற்றை உண்டு யார் கண்ணுக்கும் தெரியாமல் கிடக்கிறாள். கம்பனின் அகலிகை கல்லாகிறாள். ஆழ்வார்களின் பக்தி நடுவில் வந்துபோனதால் ஏற்பட்ட மாற்றம் இது என்று அவர் காட்டுகிறார். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசன’த்தைப் படித்துவிட்டு வந்த தமிழ் வாசகருக்கு இதில் அதிர ஒன்றுமில்லை. டெல்லியில் அதிர்ந்தார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. வரலாற்றுப் பாடத்தில் அது சேர்க்கப்பட்டிருந்தது. 2008இல் ஏ.பி.வி.பி. மாணவர் அமைப்பினர் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிபுணர் குழு அமைக்கப்பட்டது. நால்வரில் மூவர் கட்டுரையில் தவறேதும் இல்லை என்றார்கள். ஆனாலும் 2011 அக்டோபரில் கல்விக் குழு அதைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. கட்டுரை இடம்பெற்ற நூல்களை ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் மறுஅச்சு செய்யாமல் இருந்தது வெளியே தெரிந்தது. உலகெங்கிலுமிருந்து நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். அந்த வருட முடிவுக்குள் மறுஅச்சு செய்வதாகப் பதிப்பகம் அறிவித்தது.